கிராம்பு வைத்த வடை

அந்த எலியை முதன்முதலில் பார்த்தவன் நான்தான். அப்படி ஓர் எலியே கிடையாது என்பது வேறு விஷயம்.

ஹைதராபாத் நாச்சாரத்தில் எங்கள் வரிசையில் ஆறு வீடுகள். பின்னால் பல்சக்கரம் வெட்டும் பட்டறை, அதற்குப் பின்னால் பெயின்ட் கம்பெனி, அதற்கும் பின்னால் மிளகாய் அரைக்கும் மில். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதை யார் வீட்டில் தும்மல் கேட்கிறது என்பதை வைத்துச் சொல்லிவிடலாம். என் வீட்டுக்கும் ஆண்டனி வீட்டுக்கும் நடுவில் இடுப்பளவு சுவர் ஒன்று உண்டு. அந்தச் சுவரின் மேல் வந்து போகாத பண்டம் இல்லை. குழம்பு, மோர், கோபம், ஸ்பானர் எல்லாம் போய் வந்திருக்கின்றன.

ஆண்டனியின் தாத்தா பொன்மலையிலிருந்து ஒரு தகரப் பெட்டியோடும் ஒரு சுத்தியலோடும் லாலாகுடா ரயில்வே பட்டறைக்கு வந்தவர். அப்பாவும் அங்கேதான் ஃபிட்டர். ஆண்டனியும் அங்கே முப்பத்தாறு வருஷம் ஃபிட்டர். நான் அதே பட்டறையில் ஸ்டோரில் இருந்தவன். ஆண்டனி கேட்ட போல்ட்டை இல்லை என்று சொல்வது என் வேலை. ஓய்வு பெற்ற பிறகும் அவனால் சும்மா இருக்க முடியவில்லை. பின்பக்கத்துப் பட்டறைக்குத் தினமும் நாலு மணி நேரம் போய் மெஷின்களை அதட்டிவிட்டு வருவான். போன வருஷம் இதயத்தில் வால்வு மாற்றினார்கள். அதிலிருந்து ரத்தம் உறையாமல் இருக்க தினமும் ஒரு மாத்திரை. எண்ணெய்ப் பண்டம் கூடாது என்று டாக்டர் சொன்னார். டாக்டர் சொன்னது ஒரு தடவை. அவன் மனைவி ஆக்னஸ் சொன்னது எத்தனை தடவை என்று எனக்குக் கணக்கில்லை. போதாததற்கு இந்தத் தவக்காலத்தில், ஈஸ்டர் வரைக்கும் வடை, பஜ்ஜி, முறுக்கு எதையும் தொடமாட்டான் என்று வேளாங்கண்ணி மாதாவுக்கு அவன் பேரில் ஆக்னஸே நேர்ந்தும் கொண்டாள்.

ஆண்டனி தொட்டான். ஆக்னஸ் கோயிலுக்குப் போகும் வெள்ளிக்கிழமை மாலைகளில் தொட்டான். தொட்டதில் பாதியைச் சுவர் வழியாக எனக்கு நீட்டினான். பாதி பாவம் உங்க கணக்குல போகட்டும்ணே என்பான். எனக்கு எழுபத்து நாலு வயதாகிறது. கொடுப்பதை வாங்காமல் இருக்கும் கெட்ட பழக்கம் எனக்கு எந்த வயதிலும் இருந்ததில்லை.

பண்டம் குறைவது ஆக்னஸ் கண்ணில் பட்டது. ஒருநாள் சுவரோரம் வந்து கேட்டாள்.

"அண்ணே, நேத்து முறுக்கு சுட்டு டின்னுல போட்டேன். மேல ஒரு அடுக்கே காணோம். எலியா இருக்குமோ?"

சுவருக்கு அந்தப் பக்கம், அவள் முதுகுக்குப் பின்னால், ஆண்டனி இரண்டு கைகளையும் கூப்பி நின்றான்.

"எலியான்னா கேக்குற?" என்றேன். "நான் பாத்தேனேம்மா. சாயங்காலம் இந்தச் சுவத்து மேல போச்சு. வாலு சைக்கிள் டியூப் தடிமன். வாயில முறுக்கு. என்னைப் பாத்ததும் நின்னுச்சு. நான்தான் ஒதுங்கி வழி விட்டேன்."

"அவ்ளோ பெருசா?"

"இது என்ன பெருசு? எண்பத்து நாலுல எங்க ஸ்டோர்ல ஒரு எலி ஒரு டின் கிரீஸைத் தின்னுடுச்சு. அதுக்கப்புறம் அது ஓடுனா சத்தமே கேக்காது. ரிட்டையர் ஆகற வரைக்கும் எங்களால அதைப் பிடிக்க முடியலை."

"யாரு ரிட்டையர் ஆகற வரைக்கும்?"

"அது."

ஆக்னஸ் சிரிக்கவில்லை. அவளும் பொன்மலைக்காரி, கல்யாணமாகி முப்பது வருஷம் ஆகியும் அவள் தமிழில் ஹைதராபாத் ஒட்டவில்லை, என் பேச்சைச் சந்தேகப்படும் பழக்கமும் ஒட்டவில்லை. அப்போது அது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

போன வெள்ளிக்கிழமை பங்குக் கோயிலில் சிலுவைப் பாதை முடிந்ததும் கஞ்சி ஊற்ற வேண்டிய முறை எங்கள் பக்கத்து வீடுகளுக்கு. கஞ்சிக்கு வடை ஆக்னஸ் பொறுப்பு. மத்தியானமே கடலைப்பருப்பு ஊறப்போட்டு, சோம்பும் பட்டையும் போட்டு அரைத்து, வெங்காயம் அரிந்துபோட்டு நாற்பத்தைந்து மசால்வடை தட்டினாள். மார்ச் மாத வெயில், மேலே அஸ்பெஸ்டாஸ் கூரை, கீழே எண்ணெய்ச் சட்டி. நடுவில் நின்று அவளும் பாதி வெந்திருப்பாள். அந்த வாசனை சுவரைத் தாண்டி வந்து என் பேப்பரைப் பிடுங்கிக் கீழே வைத்தது.

ஆண்டனிக்கு முழங்கால் வலி. சிலுவைப் பாதையின் பதினாலு இடத்தில் முட்டி போட முடியாது என்று வீட்டிலேயே இருந்துகொண்டான். ஆக்னஸ் கோயிலுக்குக் கிளம்பின பத்தாவது நிமிஷம் கரண்ட் போனது. பதினோராவது நிமிஷம் சுவரின் மேல் ஒரு கை வந்தது. கையில் அரை வடை.

"சீக்கிரம்ணே. சூடா இருக்கு."

சூடாகத்தான் இருந்தது. நடுவில் ஏதோ கடினமாக ஒன்று பல்லில் இடறியது. பட்டையாக இருக்கும் என்று துப்பிவிட்டுத் தின்றேன். கடவுள் கரண்டை நிறுத்துவது இந்த மாதிரி நல்ல காரியங்களுக்குத்தான் என்றும் நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை ஏழரை மணிக்கு ஆக்னஸ் போட்ட சத்தத்தில் பட்டறையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தவன் மெஷினை நிறுத்திவிட்டான்.

நான் சுவரைத் தாண்டினேன். அதாவது வாசல் வழியாகச் சுற்றிக்கொண்டு போனேன். கொல்லைப்பக்கம் ஆக்னஸ் தலையில் கை வைத்து நின்றாள். மகள் ஷோபா, கொண்டாப்பூர் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவள், நாயின் வாயை இரண்டு கைகளாலும் பிளந்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள். நாயின் பெயர் இஞ்சின். செம்மண் நிறத்து நாட்டு நாய். மூச்சு விட்டால் ஷண்டிங் யார்டு ஞாபகம் வரும் என்று ஆண்டனி வைத்த பெயர். வாய் பிளந்திருக்கும்போதும் அது வாலை ஆட்டிக்கொண்டுதான் இருந்தது.

"என்னம்மா ஆச்சு?"

"எலிக்கு வச்ச வடையைத் தின்னுடுச்சுண்ணே!"

எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. "எலிக்கு ஏம்மா வடை?"

"நீங்கதான சொன்னீங்க, சைக்கிள் டியூப் வாலுன்னு! பொறியில அகப்படாதுன்னு மருந்து வாங்கிட்டு வந்தேன். இந்த ஊரு எலி ரொட்டியைத் தொடாது, தேங்காயைத் தொடாது, எங்க வீட்டுப் பலகாரத்தைத்தான் தின்னும். அதான் வடை மாவுல மருந்தைப் பெசஞ்சு ஏழு வடை தனியாத் தட்டினேன். தெரியாம சாமியார் தட்டுக்குப் போயிடக் கூடாதேன்னு ஒவ்வொண்ணு நடுவுலயும் ஒரு கிராம்பு குத்தி வச்சேன். ராத்திரி படுக்கறப்ப கொல்லையில சுத்தி வச்சேன். காலையில இவ நாயை அவுத்துவிட்டுட்டா!"

"எனக்கு எப்படித் தெரியும் மம்மி? வடைல பாய்சன் வெப்பாங்களா யாராச்சும்? நார்மலா?"

கிராம்பு. என் நாக்கு தானாகவே போய்ப் பல்லிடுக்கைத் தடவியது. அன்று காலை பல் விளக்கும்போது ஈறில் ரத்தம் வந்திருந்தது. நாற்பது வருஷமாக வருகிற ரத்தம்தான். அந்த நிமிஷத்தில்தான் அதற்கு ஒரு மரியாதை ஏற்பட்டது.

ஆண்டனி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். முகம் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருந்தது. "அந்த ஏழையும் எங்க ஆறவச்ச?" என்று கேட்டான்.

"அடுப்பு மேடையிலதான். ஒரு தட்டுல எலிக்கு, பக்கத்துத் தட்டுல ஷோபாவுக்கு."

"எங்கிட்ட சொல்லலையே."

"உங்ககிட்ட சொன்னா எலிக்கும் வக்காலத்து வாங்குவீங்க. இப்ப அதுவா முக்கியம்? அஞ்சுதான் கிடக்கு. ரெண்டைக் காணோம். ஒண்ணை இது வாயில வச்சிருந்ததை இவளே பாத்திருக்கா. இன்னொண்ணு இதுதான் தின்னுச்சோ, எலி தூக்கிட்டுப் போச்சோ, மாதாவுக்குத்தான் வெளிச்சம்."

ஆண்டனி என்னைப் பார்த்தான். நான் வானத்தைப் பார்த்தேன். வானத்தில் விசேஷமாக ஒன்றும் இல்லை.

ஆக்னஸ் உள்ளே ஓடி ஒரு சொம்பில் உப்பைக் கொட்டிக் கரைத்துக்கொண்டு வந்தாள். வாயைப் பிடிங்க, ஊத்துவோம், வாந்தி எடுத்துடும் என்றாள்.

"நக்கோ மம்மி, வேணாம்!" ஷோபா சொம்பைப் பிடுங்கிக் கொட்டினாள். "உப்பே தனி விஷம் ஆயிடும். பால் நக்கோ, முட்டை நக்கோ, ஒண்ணும் குடுக்காத. டாக்டர் லைன்ல இருக்கார்."

போனை ஒலிபெருக்கியில் போட்டாள். ஹப்சிகூடாவில் மாடியில் கிளினிக் வைத்திருக்கும் இர்பான் டாக்டர். இஞ்சினுக்கு ஊசி போடுகிறவர். மெட்ராஸில் படித்ததால் தமிழ் நன்றாகப் பேசுவார்.

"எத்தனை மணிக்குத் தின்னுச்சு?"

"ஏழே கால் இருக்கும் டாக்டர்."

"நல்லது. ஒன்பதே காலுக்குள்ள எங்கிட்ட வந்துடணும். அதுக்குள்ள வந்தா வயித்துல இருக்கறதை வெளிய எடுத்துடலாம். வீட்டுல வாந்தி எடுக்க வைக்காதீங்க. என்ன மருந்து? கேக்கா, கறுப்புப் பொடியா?"

ஆக்னஸ் விழித்தாள். "மாவுல பெசஞ்சேன் டாக்டர்."

"பெசையறதுக்கு முன்னால அது என்னவா இருந்துச்சும்மா?"

"கடைக்காரர் ரெண்டு காட்டினாரு. ஒண்ணு எடுத்தேன். கட்டியா இருந்துச்சு, கேக்கோ, இறுகின பொடியோ. வீட்டுக்கு வந்ததும் தூளாக்கி பாட்டில்ல போட்டுட்டேன்."

"பாட்டில்ல என்ன எழுதியிருக்கு?"

"கசகசான்னு."

எங்கள் பெண்கள் எந்தப் பண்டத்தையும் அது வந்த காகிதத்தில் அரை நாள் விடமாட்டார்கள். வெந்தயம் என்று எழுதிய டப்பாவில் கடுகு இருக்கும், கடுகு என்று எழுதியதில் ரப்பர் பேண்ட் இருக்கும். அந்த வீட்டில் எது எங்கே என்பது ஆக்னஸுக்கு மட்டும் தெரியும். இதுவரை அதனால் யாரும் சாகவில்லை.

"பொடின்னா அது வயித்துல வாயுவா மாறும்," என்றார் டாக்டர். "நாய் வாந்தி எடுத்தா பக்கத்துல நிக்கறவங்களுக்கும் ஆபத்து. கேக்குன்னா கதையே வேற. எனக்கு அந்தக் கவர் வேணும். பாட்டிலையும் எடுத்துட்டு வாங்க, ஆனா கவர் கட்டாயம் வேணும்."

கவர் குப்பையில். குப்பை ஏழு மணி ஆட்டோவில்.

ஷோபா வண்டி பிடிக்கப் பார்த்தாள். நாய் என்றதும் இரண்டு டிரைவர்கள் ரத்து செய்தார்கள். பட்டறையில் சரக்கு ஆட்டோ ஓட்டும் பாபு, இஞ்சினை முன் சீட்டில் தன் பக்கத்திலேயே உட்கார வைக்கலாம் என்று வந்து நின்றான். அதற்குள் ஆண்டனி ஒரு முழ நீளத் திருப்புளியைக் கொண்டுவந்திருந்தான். நுனியில் துணி சுற்றி நாயின் வயிற்றில் வைத்தான். பிடியில் காதை வைத்தான். ரயில் பட்டறையில் பேரிங் பழுதை அப்படித்தான் கண்டுபிடிப்பார்கள். நாய் அவன் காதை நக்கியது.

"என்னடா சொல்லுது?" என்றேன்.

"ஓடிட்டிருக்குண்ணே. உராயற சத்தம் இல்ல."

பிறகு அந்தத் திருப்புளியை, ஆக்னஸ் பார்க்காதபோது, தன் வயிற்றில் வைத்துப் பார்த்தான். அதையும் நான் பார்த்தேன்.

ஆக்னஸும் ஷோபாவும் நாயோடு கிளம்பினார்கள். குப்பை ஆட்டோவைத் துரத்துவது எங்கள் இருவர் வேலை. ஆண்டனியின் ஸ்கூட்டர் அவன் அப்பா காலத்தது. அதில் பின்னால் உட்காருவதற்கு எனக்கு ஒரு காரணமும் இல்லை, பயத்தைத் தவிர.

மல்லாப்பூர் போகும் சாலையில் வெயில் அதற்குள் ஏறியிருந்தது. ஷிஃப்ட் மாறும் நேரம். சைக்கிள், டிபன் கேரியர், கம்பி ஏற்றிய டிராலி என்று எல்லாம் குறுக்கே வந்தன.

"அண்ணே," என்றான் ஆண்டனி, திரும்பாமல்.

"ரோட்டைப் பாரு."

"எந்தத் தட்டுல எடுத்தேன்னு தெரியலைண்ணே. கரண்டு இல்ல. கையில பட்டதை எடுத்தேன்."

"எனக்குக் கொடுத்த பாதியில கிராம்பு இருந்துச்சாடா?"

"அதைத் தின்ன உங்களுக்குத்தான தெரியணும்!"

"ஏதோ ஒண்ணு இருந்துச்சு. துப்பிட்டேன்."

ஸ்கூட்டர் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. என் உயிர் கொஞ்சம் தாமதமாக வந்து சேர்ந்தது.

"வீட்டுல சொல்லிடலாமா?" என்றேன்.

"என்னன்னு? மாதாவுக்கு நேர்ந்ததை மீறித் திருடித் தின்னேன், அது எலி மருந்தா இருந்தாலும் இருக்கும்னா? ஆபரேஷன் முடிஞ்சு கண்ணு முழிச்சப்ப பக்கத்துல ஜபமாலையோட உக்காந்திருந்தாண்ணே. மூணு நாள் சோறு இல்லாம. மருந்து என்னைக் கொல்றதுக்கு முன்னால அவ மூஞ்சி கொன்னுடும்."

அவன் தோளை இறுகப் பிடித்துக்கொண்டேன். எலியைப் பெற்றவன் நான்.

பெட்ரோல் பங்க் தாண்டி ஒரு வேப்பமரத்தடியில் குப்பை ஆட்டோ நின்றது. குப்பை அள்ள வரும் நாகமணி அதன் மேல் ஏறி நின்று மூட்டைகளை மிதித்து அமுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏமி சார், பங்காரமா?" என்றாள். தங்கம் தொலைத்தவர்கள் மட்டும்தான் குப்பை வண்டியைத் துரத்துவார்கள் என்பது அவள் அனுபவம்.

"எலுகல மந்து கவர்," என்றான் ஆண்டனி.

நாகமணி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். இரண்டு கிழவர்கள், ஒரு ஸ்கூட்டர், எலி மருந்து. "இந்த வயசுலயா?" என்று தெலுங்கில் கேட்டாள். நாய் தின்றுவிட்டது என்று விளக்கினோம். இஞ்சினா என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் குனிந்து மூட்டைகளைப் புரட்டத் தொடங்கினாள். இஞ்சின் தினமும் அவள் வண்டியோடு தெருக்கோடி வரை ஓடுமாம். ஆக்னஸ் வீட்டுப் பையைத் தேடுவது கஷ்டமில்லை. இந்தப் பக்கத்தில் பூண்டுத் தோலையும் மீன் செதிலையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிப் போடுகிறவள் அவள் ஒருத்திதான். பையைக் கிழித்தாள். டீத்தூள், முட்டை ஓடு, வாடிய மல்லிகை. அதற்கு அடியில் மடித்த மஞ்சள் அட்டை.

ஆண்டனி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் படித்தான். கேக். அதில் இருந்த பதினொரு எழுத்து மருந்துப் பெயரைப் படம் எடுத்து ஷோபாவுக்கு அனுப்பினோம். உடனே இர்பான் டாக்டரே பேசினார்.

"கேக்குதான். வாயு பயம் இல்ல. இது ரத்தத்தை உறைய விடாது. மெதுவா வேலை செய்யும். இன்னைக்கு நாய் டான்ஸ் ஆடும், நாளைக்கும் ஆடும். மூணாவது நாள் உள்ளுக்குள்ள கசிய ஆரம்பிக்கும். அதனாலதான் பல பேர் ஒண்ணும் ஆகலைன்னு விட்டுடுவாங்க. அட்டையோட பின்பக்கத்தையும் பாக்கணும், சீக்கிரம் வாங்க."

ஆண்டனி போனை வைத்துவிட்டு நின்றான். "ரத்தத்தை உறைய விடாதாம்," என்றான். "நான் ஏற்கெனவே அதுக்குத்தான் மாத்திரை தின்னுட்டிருக்கேன்."

"ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம் வாடா. இப்பவே."

"நமக்கு மூணு நாள் டைம் இருக்குண்ணே. இஞ்சினுக்கு முக்கால் மணி நேரம்தான். மொதல்ல அது." ஸ்கூட்டரை உதைத்தான். முதல் உதையில் கிளம்பாத வண்டி அன்று முதல் உதையில் கிளம்பியது. இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை.

கிளினிக்கில் இஞ்சின் மேஜை மேல் நின்று அங்கிருந்த பூனைக்கூண்டைப் பார்த்துக் குரைத்துக்கொண்டிருந்தது. அந்த அறையில் ஆரோக்கியமாகத் தெரிந்தது அது ஒன்றுதான். டாக்டர் அட்டையை வாங்கிப் படித்தார். நாயை எடை போட்டார். பதினெட்டு கிலோ.

"எத்தனை வடை?"

"ஒண்ணு நிச்சயம். ரெண்டாகவும் இருக்கலாம்," என்றாள் ஷோபா.

டாக்டர் ஒரு தாளில் பெருக்கினார், வகுத்தார். "ரெண்டுன்னே வச்சுக்குவோம்."

"டாக்டர்," என்றான் ஆண்டனி. "எழுபத்திரண்டு கிலோன்னா?"

"எது?"

"சும்மா. ஒரு எழுபத்திரண்டு கிலோ நாய், அரை வடை தின்னா?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். நான் இடையில் புகுந்தேன். "சித்தூர்ல என் ஒன்றுவிட்ட தம்பி வளர்த்தான் டாக்டர். கன்னுக்குட்டி அளவு. ராத்திரியில அது வீட்டைக் காக்கும், இவன் பயந்து வெளிய படுத்துப்பான்."

"அந்த நாய்க்கு வால்வு ஆபரேஷன் ஏதாவது ஆகியிருக்கா?" என்றார் டாக்டர். அவர் கண் ஆண்டனியின் சட்டைப் பொத்தானுக்கு மேலே தெரிந்த தழும்பில் இருந்தது. "ஏன்னா, வால்வு வச்சவங்க சாப்பிடற மாத்திரைக்கு இது ஒன்றுவிட்ட அண்ணன். ரெண்டும் ஒண்ணு சேர்ந்தா மூணு நாள்கூட வெயிட் பண்ணக் கூடாது. சார், நான் வேப்பேரியில அஞ்சு வருஷம் மெஸ் சாப்பாடு சாப்பிட்டவன். வடை விஷயத்துல எங்கிட்ட மறைக்காதீங்க."

ஆக்னஸ் நாயின் காதைத் தடவிக்கொண்டு ஜெபம் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். கேட்டாளோ இல்லையோ, கை மட்டும் ஒரு கணம் நின்றது.

"மொதல்ல இதுக்கு ஊசி போடுங்க டாக்டர்," என்றான் ஆண்டனி. "அப்புறம் சொல்றேன். சொன்னப்புறம் படுக்க எனக்கும் இங்கயே இடம் வேணும்."

ஊசி போட்டார். ஐந்து நிமிஷம் ஒன்றும் நடக்கவில்லை. இஞ்சின் குரைப்பதை நிறுத்தியது. உதட்டை நக்கியது. வால் முதல்முறையாக நின்றது. அந்த வால் நின்றதும் ஷோபா அழுதுவிட்டாள். அவள் கைபேசியில் கம்பெனிக்காரர்கள் தொடர்ந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள், அதை எடுத்து மூலையில் எறிந்தாள். ஆண்டனி நாயின் தலையைத் தன் மார்போடு பிடித்துக்கொண்டான். அதன் வயிறு இரண்டு தடவை உள்ளே போய் வந்தது. ஷண்டிங் யார்டில் இரண்டு பெட்டிகள் மோதுகிற மாதிரி ஒரு சத்தம்.

டாக்டர் தட்டில் வந்ததைக் குச்சியால் பிரித்தார். நாங்கள் நால்வரும் குனிந்தோம். நேற்றைய சோறு. ஒரு சாக்ஸின் குதிகால். மெல்லாமல் விழுங்கிய வடைத் துண்டுகள், பருப்பு நடுவே பச்சைத் துகள்கள்.

"ஒரு கிராம்பு," என்றார் டாக்டர்.

ஆண்டனி தட்டின் மேல் இன்னும் குனிந்தான். நானும்தான்.

குச்சி நகர்ந்தது. வெங்காயம். பருப்பு. மறுபடியும் சோறு. மனிதர்கள் தட்டில் அவ்வளவு கவனமாக எதையும் பார்த்து நான் கண்டதில்லை.

"இதோ, இன்னொண்ணு. ரெண்டு வடையும் இதுதான் தின்னிருக்கு."

"மாதாவே!" என்று ஆண்டனி தரையில் முட்டி போட்டுவிட்டான். பதினாலு இடத்தில் மடங்காத முழங்கால். நான் டாக்டரின் கையைப் பிடித்துக் குலுக்கினேன். அவர் கையில் இருந்த குச்சி என் சட்டையில் பட்டது, அதுவும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஆக்னஸ் நிமிர்ந்தாள்.

"நம்ம நாய் ரெண்டு விஷ வடையைத் தின்னிருக்கு," என்றாள் மெதுவாக. "அதுக்கு எதுக்கு ரெண்டு பேரும் கும்பிடுறீங்க?"

ஆண்டனி நாயைப் பார்த்தான், நான் பூனைக்கூண்டைப் பார்த்தேன்.

"ஷோபாவுக்குன்னு அஞ்சு நல்ல வடை வச்சேன். கோயில்லேருந்து வந்து பாத்தா நாலு. அப்பவே நினைச்சேன், எலி வந்துட்டுப் போயிடுச்சுன்னு." எங்களை வரிசையாகப் பார்த்தாள். "எலி முட்டி போட்டு நிக்குது. இன்னொரு எலி டாக்டருக்குக் கை குடுக்குது."

அஞ்சில் நாலு. அந்தக் கணக்கைக் காலையில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நாங்கள் மல்லாப்பூர் ரோட்டில் சாகாமல் செத்திருக்க வேண்டாம். ஆனால் எங்களால் கேட்க முடியாத ஒரே கேள்வி அதுதான்.

"ஆக்னஸ்," என்றான் ஆண்டனி, தரையிலிருந்தே.

"பேசாதீங்க. எனக்கு எலி மேல ஒரு கோபமும் இல்ல. நான் உங்களுக்கு மருந்து வச்சிருக்கேன், என் கையால. கையால பெசஞ்சு, தட்டி, பொரிச்சு." இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். "அந்த ரெண்டாவது கிராம்பு அதுல இல்லாமப் போயிருந்தா?"

ஆண்டனி மேஜையைப் பிடித்துக்கொண்டான். எழுந்து அவள் பக்கத்தில் போய் நின்றான். அவள் அவனைப் பார்க்கவில்லை. ஆனால் தள்ளியும் நிற்கவில்லை. நடுவில் இஞ்சின் இரண்டு பேர் கையையும் முறை வைத்து நக்கியது.

டாக்டர் நாய்க்குக் கரித்தூள் கரைத்துக் கொடுத்தார். ஒரு மாதத்துக்கு வைட்டமின் மாத்திரை எழுதினார். நிறுத்தி இரண்டு நாள் கழித்து ரத்தப் பரிசோதனை.

"வெறும் வயித்துல குடுக்காதீங்க. கொழுப்புள்ள சாப்பாட்டோட குடுத்தாத்தான் உடம்புல சேரும்," என்றவர் ஆண்டனி பக்கம் திரும்பினார். "இது உங்க மாத்திரைக்கு நேர் எதிரி சார். தப்பிக்கூட வாயில போட்டுடாதீங்க. நீங்க எதுக்கும் இன்னைக்கே உங்க டாக்டரைப் பாத்து ரத்தம் டெஸ்ட் பண்ணிடுங்க."

ஆக்னஸ் எங்கள் இருவரையும் அங்கிருந்தே ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். இரண்டு பேர் ரத்தமும் ஒழுங்காக இருந்தது. என் ரத்தத்தில் பொய் எத்தனை சதவீதம் என்று பார்க்கச் சொல்லி நர்ஸிடம் கேட்டாள்.

இப்போது தினமும் மாலை ஆறு மணிக்கு ஆக்னஸ் ஒரே ஒரு மசால்வடை தட்டுகிறாள். நடுவில் மாத்திரை. அடையாளத்துக்கு மேலே ஒரு கிராம்பு. இஞ்சினுக்குக் கொடுக்கும்போது அதைப் பிடுங்கிவிடுவாள். கொழுப்புள்ள சாப்பாடு என்று டாக்டரே சொல்லிவிட்டாரே. இஞ்சின் அடுப்படி வாசலில் உட்கார்ந்து அதைத் தின்னும். ஆண்டனி பக்கத்தில் கஞ்சிக் கிண்ணத்தோடு உட்கார்ந்து அது தின்பதைப் பார்ப்பான். ஈஸ்டருக்கு இன்னும் பதினாறு நாள்.

இஞ்சின் பிழைத்த மூன்றாவது நாள் மாலை சுவருக்கு மேல் ஒரு தட்டு வந்தது. இந்தத் தடவை வந்தது ஆக்னஸின் கை.

"அண்ணே, அந்தப் பெரிய எலி இன்னைக்கு வந்துச்சா?"

"இல்லம்மா. காஞ்சன்பாக் பக்கம் குடி போயிடுச்சு. நானே பஸ் ஏத்திவிட்டேன்."

"நல்லதாப் போச்சு. இந்தாங்க, உங்களுக்குன்னு ஒண்ணு தட்டினேன்."

தட்டில் ஒரே ஒரு வடை. நடுவில் ஒரு கிராம்பு.

அவள் போகவில்லை. சுவரில் முழங்கையை ஊன்றி நின்றாள். ஆண்டனி அவள் முதுகுக்குப் பின்னால் நின்று தலையை மேலும் கீழும் ஆட்டினான், பிறகு பக்கவாட்டில் ஆட்டினான். அவனுக்கும் தெரியவில்லை.

வடையை எடுத்தேன். கிராம்பைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கடைசித் துணுக்குவரை மென்று தின்றேன். நல்ல பதம். ஓரமெல்லாம் மொறுமொறு.

"அருமையா இருக்கும்மா."

"இப்பவே சொல்லாதீங்கண்ணே," என்றாள் ஆக்னஸ், தட்டை வாங்கிக்கொண்டு. "மூணு நாள் கழிச்சுச் சொல்லுங்க."

இதை எழுதும்போது, அதைத் தின்ற ஐந்தாவது நாள் நடக்கிறது. வடை அருமையாகத்தான் இருந்தது.